எரிஞ்சா சொல்லு

"இந்தத் தலையோட உள்ளே போனா இன்னிக்கும் வெளியே துரத்துவாங்க. தடவுங்க" என்றாள் அவள். கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு. உட்கார்ந்திருந்தது குளியலறையில், பிளாஸ்டிக் நாற்காலியில்.

கணவன் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றான். ஜவுளிக்கடை விற்பனைக்காரன், சும்மா பார்க்க வந்தேன் என்பவளைக்கூட இரண்டு கையிலும் பையோடு வழியனுப்புகிறவன். வீட்டில் மட்டும் அவன் பேச்சு போணியாவதில்லை.

"இந்தச் சுருட்டை முடிக்காகத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன். அதையே அழிக்கச் சொல்றியே?"

"கடைப் பேச்செல்லாம் கடையோட. முதல்ல வாஸ்லினை எடுங்க."

முடியை நேராக்கும் க்ரீம்களில் இருப்பதிலேயே வீரியம் குறைந்ததைத்தான் வாங்கியிருந்தாள். தலையில் ஊறும் எண்ணெய்ப் பசைதான் தோலுக்குக் கவசம் என்று சில நாளாகத் தலைக்குக் குளிக்கவில்லை. சொறிந்த இடத்தில் மருந்து கடிக்கும் என்பதால் அரித்தபோதும் விரலை வைக்கவில்லை. காதோரக் கற்றை ஒன்றில் முன்கூட்டியே போட்டும் பார்த்தாயிற்று. முடி அறுந்து வரவில்லை.

நெற்றி ஓரம், காது மடல், பிடரி என்று அவன் வாஸ்லினை அப்பினான். அப்புறம் க்ரீம்.

"வேருக்குக் கொஞ்சம் தள்ளி ஆரம்பிங்க, தோல்ல படக்கூடாது. சீப்பை வெச்சு இழுக்காதீங்க, அதோட முதுகால நீவி விடுங்க."

"பட்டுப் புடவையைக்கூட நான் இவ்வளவு பவ்யமாத் தொட்டதில்லை தாயே. எரிஞ்சா சொல்லு."

உள் அறையிலிருந்து குரல் வந்தது. "என் பொண்ணு எங்கே? அவளைக் கூட்டிட்டு வாங்க!"

அவன் கை நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

துரத்துகிறவர் வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அம்மாதான். மறதி நோய். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிற மகளை, யாரோ விஷம் வைக்க வந்தவள் என்று நினைக்கிறார். அவள் ஊட்டும் கஞ்சியைத் துப்புகிறார், மாத்திரையை வீசுகிறார். இன்றைக்கும் எதுவும் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையைக் கட்டி, மூக்கில் குழாய் விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பேரைச் சொல்லியாவது கூப்பிடுறாங்களா, அதுவும் இல்லை" என்றான் கணவன்.

"பேரெல்லாம் எப்பவோ மறந்தாச்சு. ஆனா கேக்கிறது அக்காவைத்தான். அம்மாவுக்கு அக்கான்னா உசிரு. நான் எடைக்கு மேல போட்ட கொசுறு."

அக்கா கடல் தாண்டி வேலையில் இருக்கிறாள், லீவு கிடைக்கவில்லை. போனில் அவள் முகத்தைக் காட்டினால் அம்மா மிரண்டுபோய்ப் போனைத் தட்டிவிடுகிறார். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே முகம், ஒரே குரல். வித்தியாசம் முடியில் மட்டும்தான். அக்காவுக்கு நூல் பிடித்த மாதிரி நேராக விழும்.

"எரியுது" என்றாள் மெதுவாக.

"எழுந்திரு, கழுவிடலாம்."

"இன்னும் கொஞ்ச நேரம். முழுசா நேராகட்டும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்."

"அதுல பாதி தர்றேன்."

"ஏங்க..."

"கட்டுப்படியாகாதும்மா. தோல் வெந்துட்டா முடியை எங்கே நட்டு வைப்பே?" வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் பேரத்தில் ஜெயித்து, குழாயடிக்கு இழுத்துப் போனான்.

வெதுவெதுப்பான தண்ணீர். மருந்தை முறிக்கும் ஷாம்பு. நுரை இளஞ்சிவப்பாக வந்தால் மருந்து இன்னும் முடியில் இருக்கிறது என்று அர்த்தம். நுரை வெள்ளை வெளேரென்று ஆகும்வரை அவன் அலசிக்கொண்டே இருந்தான். அவள் அழுதுகொண்டே இருந்தாள். எரிச்சலில் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

துவட்டி, அக்கா மாதிரியே பக்கவாட்டில் வகிடு எடுத்தாள். கண்ணாடியில் அக்கா நின்றாள். தான் எங்கேயும் இல்லை.

"இனிமே பழையபடி வராதா?" என்றான் அவன்.

"புதுசா வளர்ந்தாத்தான் உண்டு. அம்மா சாப்பிட்டாப் போதும்."

கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். கணவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டிலில் இருந்த அம்மா தலையணையைத் தூக்கினார், வீசுவதற்கு. தூக்கிய கை அப்படியே நின்றது.

"பெரியவளே! எப்படி வந்தே?"

"பிளேன்ல வந்தேம்மா" என்றாள் அவள். "முதல்ல வாயைத் திற."

அம்மா வாயைத் திறந்தார். ஒரு வாய், இன்னொரு வாய், நடுவில் மாத்திரை. எதையும் துப்பவில்லை. கிண்ணம் காலியானதும் நிலைப்படியில் நின்றவன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அம்மா அவள் காதருகே வாயைக் கொண்டுவந்து, வழக்கமாக வருகிற அந்தப் பொம்பளை இல்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, ரகசியமாகக் கேட்டார்:

"நான் தினமும் கேட்டது சின்னவளைத்தானேடி... அவ எங்கே?"