மூன்றாவது எச்சரிக்கை

ரேஸ்கோர்ஸ் பாதையில் சென்னியப்பன் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே நான்காவது சுற்றை ஓடிக்கொண்டிருந்தார். இயந்திரக் குரலை யாரும் மதிப்பதில்லை என்பதால், உடம்பில் நீர் குறைந்தால் வீட்டார் குரலில் சொல்லும் கைப்பட்டைகளைத்தான் இப்போது எல்லாரும் கட்டிக்கொள்கிறார்கள். அவருடையதில் மகள் மதிவதனி பேசிப் பதிந்து கொடுத்திருந்தாள். அவள் இறந்து இரண்டு வருடமாகிறது.

"ரெண்டு வாய் தண்ணி குடிங்கப்பா" என்று பட்டை முன்பே சொல்லியிருந்தது. இப்போது, "சொன்னாக் கேக்க மாட்டீங்களா?" என்று அதட்டியது.

கூட ஓடிவந்த துரைசாமி அவர் முகத்தைப் பார்த்துப் பதறினார். "என்னங்ணா, உதடெல்லாம் வெளுத்துக் கெடக்குது! மொதல்ல தண்ணியக் குடிங்க."

"இன்னும் ஒரே சுத்து தம்பி."

கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால்கள் பின்னின. அப்போதுதான் மூன்றாவது எச்சரிக்கை வந்தது: "அப்பா, மயங்கி விழப்போறீங்க! உக்காருங்க!"

பதிந்த அன்று, இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்ற நினைப்பில், பேசி முடிக்கும்போதே அவள் சிரித்துவிட்டிருந்தாள். அவளுடைய சிரிப்பென்று உலகத்தில் மிஞ்சியது அந்த அரை நொடிதான்.

சென்னியப்பன் பாதையோரமாகச் சரிந்து உட்கார்ந்து, பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தார். நாளைக்கும் ஓட வேண்டுமே.