பூங்கொத்து கொடுத்தவள்

சிறுவர் மாத இதழின் அட்டையில் மஞ்சரி தலைவருக்குப் பூங்கொத்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முதலில் தேர்வானவள் சுகிர்தாதான். அன்று பார்த்து அவளுக்கு அம்மை போட்டுவிட்டது.

தலைவருக்கு எந்த அமைச்சராவது வேண்டாதவராகிவிட்டால், புத்தகத்திலும் இதழிலும் இருக்கும் அவர் படத்தில், உத்தரவு வந்ததும் மாணவர்களே மை பூசி முகத்தை மறைத்துவிட வேண்டும். வயிற்றெரிச்சலில் சுகிர்தா, வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்திருந்த இதழின் தன் பிரதியில் மஞ்சரியின் முகத்தின் மேல் பூசினாள்.

“உத்தரவு வந்திருச்சா?” என்று பதறினாள் பக்கத்துப் பெண். சுகிர்தா தலை நிமிராமல் பூசிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணும் பூசினாள். பெஞ்சு பெஞ்சாக மைப்புட்டிகள் திறந்தன. உள்ளே வந்த டீச்சர், ஒன்றும் கேட்காமல், தன் பிரதியை எடுத்துப் பூச ஆரம்பித்தார்.

மஞ்சரி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் இதழோடு சுகிர்தாவிடம் வந்தாள்.

“என் மை தீந்துபோச்சு. கொஞ்சம் குடேன்டி.”