நாலாம் அத்தியாயம்

"நான் படிக்கக் குடுத்த புத்தகம் எப்படி சார் இருக்கு?" டிபன் பாக்ஸைத் திறந்தபடியே கேட்டாள், போன மாதம் வேலைக்குச் சேர்ந்த டைப்பிஸ்ட்.

"ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுதேன்னு படிச்சேன்மா. சுத்தப் பேத்தல்!" என்றார் மேனேஜர். "தர்க்கம், மனசுன்னு பெரிய பெரிய வார்த்தை. நாலாம் அத்தியாயத்துல என்ன சொல்றான் தெரியுமா? நம்ம மனசு முதல்ல முடிவு பண்ணிடுமாம், அப்புறம்தான் காரணம் தேடுமாம்."

"அது தப்பா சார்?"

"என்னையே எடுத்துக்கோ. முன்னாடி வேலை பார்த்த இடத்துல, வாட்ச்மேனைக் குத்திட்டு ஒருத்தன் ஓடினான். இருட்டு. ஒரு நொடிதான் பார்த்தேன். அப்புறம் போலீஸ்காரங்க அஞ்சாறு பேரை வரிசையா நிக்க வச்சு, இதுல எவன்னு கேட்டாங்க. சட்டுனு கையை நீட்டிட்டேன். கோர்ட்லயும் அதையே சொன்னேன். ஆயுள் தண்டனை!"

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"மத்தவனெல்லாம் கல்லு மாதிரி நின்னான். அவனுக்கு மட்டும் கை வெடவெடன்னு நடுங்குச்சு. தப்பு செஞ்சவன்தானே நடுங்குவான்? இதாம்மா தர்க்கம்! இதுக்கு ஒரு புத்தகம் வேணுமா?"

புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைத் தொடவில்லை.

"நீங்களே வச்சுக்குங்க சார். உங்களுக்காகத்தான் வாங்கினேன்."

"எனக்கா? எதுக்கு?"

"எங்கப்பாவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கை நடுங்கும் சார். ஜெயில்ல செத்த அன்னைக்குத்தான் நின்னுச்சு."