பழுப்பு என்று எழுதிவிட்டார்கள்

மேகம் இறங்கிப் படுத்துக்கொள்ளும் ஒரு மலையில், ஈரப்பாறை இடுக்கில் ஊதாப்பூ ஒன்று இருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு பேராசிரியர் அனுப்பிய ஆட்கள் அதன் அக்காவைப் பறித்து, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டு போனார்கள். அந்தக் கோபமே இன்னும் ஆறவில்லை.

கீழேயிருந்து தேன்சிட்டு பறந்து வந்தது. "உங்க இனத்துக்குப் பேர் வச்சுட்டாங்க! 'புதிய கண்டுபிடிப்பு, பழுப்பு நிறச் சின்னப் பூ'ன்னு பேராசிரியர் புத்தகமே போட்டுட்டார்."

"பழுப்பா?" பூவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொன்னு காயவச்சு, பொணத்தைப் பார்த்தா நிறம் எழுதினான்? அவன் கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? ஒரு தடவை இங்க வந்து என் மூஞ்சியைப் பார்க்கச் சொல்லு!"

அடுத்த மழைக்கு அவரே வந்தார். பூ இதழ்களை முழுக்க விரித்து நிமிர்ந்து நின்றது. அவர் குனிந்து பூவைப் பார்த்தார். பிறகு தன் புத்தகத்தைப் பார்த்தார்.

"இது வேற என்னமோ. நம்ம பூ பழுப்பு."

"நான்தான்யா அது! நல்லாப் பாரு!" என்று பூ கத்தியது. தேன்சிட்டுக்கு மட்டும்தான் கேட்டது.

"பாவம், அந்த இனமே அழிஞ்சு போச்சு போல" என்று மனம் வருந்தினார் பேராசிரியர். பிறகு பாறையில் ஏறுவதற்குத் தோதாக ஊதாப்பூவின் மேலேயே காலை ஊன்றினார்.