கோணல் தையல்

அந்த ஆன்லைன் ஒட்டுத்துணிப் போர்வைக் குழுவில் ஆளுக்கு வாரம் ஒரு சதுரம் தைத்துப் படம் போட வேண்டும்.

“அக்கா, இந்த வாரம் தையல் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கே! எப்பவும் கோணல்மாணலாத்தானே வரும்?” குழுவை நடத்தும் டீச்சர் தனியாகச் செய்தி அனுப்பினாள்.

“வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தார்.”

“கோணலா தைச்சா அடிக்கிறார்னு அழுதீங்களே, அவரா? கொஞ்சம் வீடியோவுல வாங்கக்கா.”

“தொண்டை கட்டிருச்சு.”

“பேச வேணாம். முகத்தைக் காட்டுங்க, போதும்.”

மனைவியின் போனைக் கவிழ்த்து வைத்தான் தையல்காரன். கொல்லைப்புறத்தில் பூசிய சிமென்ட் இன்னும் காயவில்லை.

அவள் மாதிரியே கோணலாகத் தைக்கத்தான் பார்த்தான். முப்பது வருடத் தொழில், கை கேட்கவில்லை.