இடப்பக்கம் சாய்ந்த கூடை

“இது நீ பின்னின கூடைன்னு என்னை நம்பச் சொல்றியா?”

கைத்தொழில் டீச்சர் பிரம்புக் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பில் எல்லாருடைய பின்னலும் வலப்பக்கம் சாய்ந்திருக்க, இது மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சோற்றுக்கைப் பழக்கமுள்ள பெண்ணுக்கு அது எப்படி வரும்?

“நான்தான் டீச்சர் பின்னினேன்,” என்றாள், வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் அந்தப் பெண்.

டீச்சர் வரச்சொல்லி வந்திருந்த அம்மா, தையல்காரி. மகளின் சட்டைக் கையில் நூல் தொங்குவதைக் கண்டதும் மேஜைமேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிவிட்டாள். இடது கையால்.

டீச்சருக்குக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி. “பின்னினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. மார்க் கிடையாது.”

“எனக்கு ஊசி நூலைத் தவிர ஒண்ணும் தெரியாது டீச்சர்,” என்றாள் அம்மா.

“அப்போ உங்க பொண்ணு என் கண் முன்னாடி பின்னட்டும்.”

வாயாடி பிரம்பை எடுத்தாள். கை தடங்கலில்லாமல் ஓடியது. அச்சு அசலாக அதே இடப்பக்கச் சாய்வு.

டீச்சரின் குரல் இறங்கியது. “இப்படிப் பின்ன யாரு சொல்லிக்குடுத்தா?”

“நீங்கதான் டீச்சர்.”

“நானா?”

“மத்தவங்கல்லாம் உங்க பக்கத்துல வரிசையா உக்காந்து கத்துக்கிட்டாங்க. பேசிக்கிட்டே இருப்பேன்னு என்னை மட்டும் உங்களுக்கு நேர் எதிர்ல உக்கார வெச்சீங்க. உங்க கை போன பக்கமே என் கையும் போச்சு. உங்களுக்கு வலப்பக்கம், எதிர்ல இருக்கிற எனக்கு இடப்பக்கம்தானே டீச்சர்.”

வருஷம் பூரா எதிரிலேயே இருந்தவளின் வாயைத் தவிர வேறெதையும் தான் பார்க்கவில்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.