பிக்கப்பின் பச்சைப் பெயின்ட்

மலையடிவாரத்தில் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. தன் பச்சைப் பெயின்ட் மேல் அதற்கு உயிர். ஒரு நாள் அதற்குள், தூரத்து ஆட்களோடு பேச உதவும் ஒரு ஹாம் ரேடியோ குடியேறியது. கூரையில் ஆன்டெனா ஏறியது. பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயர் வந்தது. எர்த் ஒயர் மட்டும் வண்டியின் உடம்பைத் தொட்டுவிட்டுத் தயங்கியது.

“அண்ணே, இந்த இடத்துல கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டிக்கட்டுமா? வெறும் இரும்பைப் பிடிச்சாத்தான் ரேடியோவுக்குத் தெளிவாக் கேக்கும்” என்றது ஒயர்.

“சுரண்டுறதா? என்னையா? பெயின்ட் மேலேயே ஒட்டிக்க. எல்லாம் கேக்கும்” என்றது பிக்கப்.

ரேடியோவில் இரைச்சல்தான் வந்தது. “மட்டமான ரேடியோ” என்று சொல்லிவிட்டுப் பிக்கப் ஜம்மென்று மலையேறியது.

வழியில் பெருமழை பிடித்தது. இரைச்சலுக்கு நடுவே யாரோ, “பாலம்... பாலம்...” என்று கத்துவது கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. அடுத்த வளைவு தாண்டினால் பாலம். பிக்கப் பிரேக் போட்டு நின்றது.

“தம்பி, சுரண்டு.”

எர்த் ஒயர் கரகரவென்று சுரண்டி இரும்பைப் பிடித்தது. குரல் தெளிந்தது. “பாலத்தை வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு! யாரும் வராதீங்க!”

அந்த நேரம் பின்னால் ஒரு பஸ் வேகமாக வந்தது. ஹாரன் அடித்தும் அது நிற்பதாக இல்லை. பிக்கப் சட்டென்று சாலைக்குக் குறுக்கே திரும்பியது. பஸ் சறுக்கிக்கொண்டு வந்து, பிக்கப்பின் பக்கவாட்டை நெடுக உரசி நின்றது.

“ஐயோ அண்ணே, பெயின்ட்டு...” என்று ஒயர் பதறியது.

“அது கெடக்கட்டும். கீழே ஒரு லாரி ஏறி வருது பாரு. நான் நகரப்போறதில்ல” என்றது பிக்கப்.